வாடகை வாங்கினால் வாழ விடவும் வேண்டும்

எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாகி ஒரு மாதம் ஆகிறது. ஓர் அறை, சமையல் மேடை போட்ட சின்னத் தடுப்பு, தனிக் குளியலறை, வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி. அவ்வளவுதான். அம்பத்தூரில் இதற்கு மாதம் எட்டாயிரம் கேட்கலாம், கொடுக்க ஆளும் இருக்கிறது. கேட்டில் ‘டு லெட்’ அட்டையைக் கட்டிய நாளிலிருந்து தெருவில் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். “நல்லா விசாரிச்சுக் குடுங்க சார். காலம் கெட்டுக் கெடக்கு.”

வாடகையை ஒழுங்காகத் தருவாரா என்பதை விசாரிக்கச் சொல்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அவர் வீடு தேடி அலையாதவராக இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கேள்விகள் வேறு. என்ன ஆளுங்க? சாப்பாடு எப்படி? கல்யாணம் ஆயிடுச்சா? ஊர்லேர்ந்து யாரெல்லாம் வந்து போவாங்க? போன வாரம் புரோக்கர் போன் செய்தார். “பார்ட்டி ஒண்ணு இருக்கு சார், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை. ஆனா கூட வயசான அம்மா ஒருத்தங்க. ஒடம்பு சரியில்லாதவங்க போல. வேணாம்னு சொல்லிடட்டுமா?”

வேண்டாம் என்று நான் சொல்வேன் என்றே அவர் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். வீட்டுக்காரர்களை அவருக்குத் தெரியும்.

நானும் வீட்டுக்காரன்தான். வீட்டுக்காரர்களுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ நியாயவான் பேசுகிறான் என்றாகிவிடும்.

1997. எனக்குப் பத்தொன்பது வயது. மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. அவர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன், அவருடைய அம்மா. வாடகை எழுநூறு, அட்வான்ஸ் ஏழாயிரம். நான்கு வருடம் இருந்தார்கள். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை; ஐந்தாம் தேதி என்றால் நாலாம் தேதியே வந்துவிடும். அந்தப் பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும். என் தங்கைக்குப் பேன் பார்த்துவிடும். எங்கள் அம்மாவுக்கு முறுக்கு மாவு பிசைந்து கொடுக்கும். பாட்டிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். அரசு மருத்துவமனையில், இனி வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் கூட்டி வந்து, அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கத்தால் அல்ல. அக்காவுக்குக் கல்யாணம் மூன்று வாரத்தில். மாடியில் சாவு விழுந்தால் என்னாவது என்பதுதான் பேச்சு. வீட்டுக்குத் தீட்டு, சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள், அப்புறம் அந்த போர்ஷனுக்கு யார் வருவார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீ போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வாடா” என்றாள்.

நான்தான் மாடியேறிப் போனேன். பாட்டி சுவரோரமாகப் படுத்திருந்தது. “அம்மா சொல்லச் சொன்னாங்க… வீட்ல நல்ல காரியம் வருது…” அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. “புரியுது தம்பி. காலைல வண்டி பேசிடறேன்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அது இத்தனை வருடம் நினைவில் நின்றிருக்காது.

ஆவடியில் இருந்த தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தார். அதுவும் வாடகை வீடு, அங்கேயும் அதே பதில். கடைசியில் வேன் பேசி சேத்துப்பட்டுப் பக்கம் இருந்த அவர்கள் ஊருக்கே கிளம்பினார்கள். வந்தவாசி போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே பாட்டியின் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்து, அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்தார். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதி ஆறாயிரத்து முந்நூறைக் கொடுத்தோம். எண்ணிக் கொடுத்தவனும் நான்தான்.

எங்கள் வீடு கெட்டவர்களின் வீடு இல்லை. ஊருக்கு உபகாரமான குடும்பம் என்றுதான் பெயர். அதனால்தான் சொல்கிறேன், இது தனிமனித குணத்தில் இருக்கும் கோளாறு இல்லை. நம் ஊரில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் எதை விற்கிறார், எதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார் என்பதில் இருக்கும் கோளாறு.

‘என் வீடு, என் இஷ்டம்’ என்கிறோம். வீட்டைப் பூட்டி வைத்திருக்கும்வரை அது சரி. மாடியில் பழைய சாமான் போடலாம், வடாம் காய வைக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு ஒருவரை அங்கே குடிவைத்த பிறகு, அது அவருடைய வீடு. சுவர் நம்முடையது, பத்திரம் நம்முடையது. அந்தச் சுவருக்குள் நடக்கும் வாழ்க்கை அவருடையது, அதற்குத்தான் அவர் பணம் தருகிறார். மீன் வறுப்பதும், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதும், ஊரிலிருந்து மாமியார் வந்து பதினைந்து நாள் இருப்பதும், குழந்தை பிறப்பதும், நோயில் படுப்பதும், செத்துப் போவதும் எல்லாம் சேர்ந்ததுதான் குடியிருப்பது. இதில் நமக்குப் பிடித்த பாதிக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, முழு வாடகையை வாங்கிக்கொள்கிறோம்.

அதுவும் வாடகையோடு நிறுத்திக்கொள்கிறோமா? மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016இலிருந்து இருக்கிற சலுகை. மாடியில் இருப்பவருக்கு அந்த நூறு யூனிட் கண்ணில் படுவதே இல்லை. சப் மீட்டர் போட்டு, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூல். கேட்டால், ரெண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் ஸ்லாப் ஏறிவிடுகிறது என்போம். ஏறுவது உண்மைதான். தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. வாங்கிக் கொடுப்பதில்லை. அலைச்சல் ஒரு காரணம், சப் மீட்டரில் கொஞ்சம் மிஞ்சுகிறது என்பது இன்னொரு காரணம்.

பெயின்ட் காசும் அப்படித்தான். வாடகை வருமானத்துக்கு வரி கட்டுகிறவருக்கு அரசாங்கம் ஒரு சலுகை தருகிறது. கட்டிய சொத்துவரியைக் கழித்தது போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்துக்கு வரி கிடையாது. பழுது பார்க்க, வெள்ளையடிக்க ஆகும் செலவுக்கென்று மொத்தமாகத் தரும் கழிவு அது. செலவு செய்தீர்களா என்று ரசீதுகூடக் கேட்பதில்லை. (கணக்கில் காட்டாமல் ரொக்கமாக வாங்கிக்கொள்பவருக்கு வரியே கிடையாது, அது வேறு கதை.) அந்தக் கழிவையும் எடுத்துக்கொண்டு, அதே வெள்ளையடிப்புக்குக் குடியிருந்தவரின் அட்வான்ஸிலும் கை வைக்கிறோம்.

அந்த அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகை என்பது ஏதோ சாஸ்திரத்தில் எழுதியிருப்பது போலக் கேட்கப்பட்டுவந்தது. இப்போது சில இடங்களில் ஆறு, ஐந்து என்று இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, என்று ஒரு சந்தையும் விட்டுவைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. மாடியில் இருப்பவர் தன் ஊரில் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம். நமக்கு அது வட்டியில்லாக் கடன். அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கான பிணையும் அதுதான். எழுபதாயிரமோ எண்பதாயிரமோ நம் கையில் இருக்கும்போது, தண்ணீர் மோட்டாரை ஏன் காலையில் அரைமணி நேரம்தான் போடுகிறீர்கள் என்று அவர் எப்படிக் கேட்பார்?

இதெல்லாம் காசு விவகாரம். சட்டத்தை ஒழுங்காக அமல் செய்தால் பாதியாவது சரியாகும். சட்டம் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. அந்த ‘விசாரிப்பு’.

‘சைவம் மட்டும்’ என்ற அட்டையைப் பார்த்தால் நம் இலக்கியக் கூட்டங்களில் எல்லோருக்கும் கோபம் வரும். மயிலாப்பூரையும் நங்கநல்லூரையும் மேற்கு மாம்பலத்தையும் திட்டுவோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த அட்டை கேட்டுக்கு வெளியிலேயே தொங்குகிறது, படித்துவிட்டுப் போய்விடலாம். எங்கள் வீட்டில் அட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, தீபாவளிக்கு ஆட்டுக்கறி. எங்கள் அம்மா வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து, உட்கார வைத்து, சிரித்துக்கொண்டே கேட்பாள். “எந்த ஊருப்பா? ஓ, அங்கயா! ஊர்ல எந்தப் பக்கம்? கோயிலு எந்தப் பக்கம் வரும் உங்களுக்கு?” மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் அவளுக்கு வேண்டியது தெரிந்துவிடும். பிறகு, “என் பையன் கல்யாணத்துக்கு மாடி வேணும்னு சொல்லிட்டு இருக்கான், கேட்டுட்டுச் சொல்றேன்” என்பாள். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

நம்மில் மாட்டுக்கறி சாப்பிடாத அசைவக்காரர்கள், ‘சைவம் மட்டும்’ போர்டு வைப்பவரைவிட முற்போக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். மோர் கொடுத்துச் சாதி கேட்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. சுக்தேவ் தோரட்டும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் வாடகைச் சந்தையை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். வீடு கேட்டுத் தொலைபேசியிலும் நேரிலும் வெவ்வேறு பெயர்களில் அணுகிப் பார்த்தார்கள். பெயரைக் கேட்டதும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு எப்படி இல்லாமல் போகிறது, அல்லது கூடுதல் நிபந்தனையோடு மட்டும் கிடைக்கிறது என்பது அதில் வெளிவந்தது. சென்னையில் அப்படியில்லை என்று சொல்லக்கூடிய வீட்டுக்காரர் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

இதைக் கேட்க நம்மிடம் சட்டமும் போதாது. கடை, ஓட்டல், கிணறு, சாலை என்று பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்று அரசமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் ஒருவர் தன் வீட்டை வாடகைக்கு விடுவது பற்றி அங்கே நேரடியாகப் பேச்சில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று நடந்த ஒரு வீட்டுக் கூட்டுறவு சங்கத்தின் விதியைச் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2005இல் தீர்ப்புச் சொன்னது. தன் கூட்டத்தோடு வாழ விரும்புவது சங்கம் அமைக்கும் உரிமை என்ற வாதம் அது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்வது பற்றிய வழக்காக அதைப் பார்க்கலாம். ஊர் முழுவதும் அதே வாதத்தைக் கையில் எடுத்தால், ஊரில் இருப்பதையே நகரத்திலும் கட்டி எழுப்பியதாக ஆகும். சேரியிலிருந்து தப்பிக்க நகரத்துக்குப் போ என்று சொன்னவர்களின் கனவு, மாடி போர்ஷனின் இரும்புப் படியில் வந்து நிற்கிறது.

சாதிக்கு அடுத்தது பயம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்டவர்கள். அதன் பிறகு, குடியிருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விவரம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நாம் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு: வடக்கத்திப் பையன்களுக்கு வீடு கிடையாது, தனியாக இருக்கும் ஆண்களுக்குக் கிடையாது, தனியாக இருக்கும் பெண்களுக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேட் திறக்காது. ஒரு காலத்தில் தனியாட்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. இப்போது அவர்களுக்கு ஓர் அறையில் ஆறு கட்டில் போட்ட விடுதிகள். நம் மாடியில் அறை காலியாகக் கிடக்கிறது.

வீட்டுக்காரர் தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் வசையாகிவிடும்.

முதலாவது, இந்த ஊரில் வீட்டுக்காரர் என்றால் பணக்காரர் என்று அர்த்தமில்லை. பி.எஃப். பணத்தையும் நகையையும் போட்டு மேலே ஓர் அறை எழுப்பிய ஓய்வுபெற்ற தொழிலாளிதான் பாதிப் பேர். என் அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது, மாடி வாடகைதான் பென்ஷன். மாத்திரை அதில்தான். அப்படிப்பட்டவருக்கு, குடிவந்தவர் வாடகை தராமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காலி செய்ய வைக்க முடியாமல் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பயம்தான் தலைமுறையாக நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, பேசிய வாடகை, பேசிய காலம். அதை எத்தனை பேர் செய்கிறோம்? பதினொரு மாத அக்ரிமென்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதுகாப்புக்குச் சாதியை விசாரிக்கிறோம். சாதி பார்த்துக் குடிவைத்தவர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போன கதை எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கிறது.

இரண்டாவது, கீழே நாம், மேலே அவர்கள். ஒரே கேட், ஒரே சம்ப், ஒரே கொடிக்கயிறு. சில ஒழுங்குகள் இல்லாமல் முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கர் போடாதே, வண்டியைக் கேட்டை மறித்து நிறுத்தாதே, தண்ணீரை இத்தனை மணிக்குப் பிடி என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதே உரிமை அவருக்கும் என்மேல் உண்டு. இவை பொதுவில் இருக்கும் பொருள்களைப் பற்றிய விதிகள். அவர் யார், என்ன தின்கிறார், யாரோடு படுக்கிறார் என்பவை அந்தக் கணக்கில் வராது. கருவாட்டு வாசனை கீழே வருகிறதே என்பார்கள். வரும். எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையும் மேலே போகிறது. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாதம்தான் உண்மையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. ‘நம்ம வீட்ல அப்படியெல்லாம் நடக்கக் கூடாது.’ தீட்டும் சகுனமும் குடும்ப மானமும் இதற்குள்தான் இருக்கின்றன. இந்த உணர்ச்சி உள்ளவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவர்கள் வாடகைக்கு விடக் கூடாது. வீட்டை அவ்வளவு புனிதமாக வைத்திருக்க விரும்பினால், அந்தப் புனிதத்துக்கு மாதம் எட்டாயிரம் செலவு என்று எழுதிக்கொண்டு மாடியைப் பூட்டி வைக்கட்டும். புனிதமும் வேண்டும், எட்டாயிரமும் வேண்டும், புனிதத்துக்கான விலையை மட்டும் மாடியில் இருப்பவர் கொடுக்க வேண்டும் என்பதுதான் அநியாயம். எங்கள் அக்கா கல்யாணத்தின் மங்களத்துக்கு விலை கொடுத்தது நாங்கள் இல்லை. கதவிடுக்கில் காற்று வீசும் ஒரு வேனில் படுத்துக்கொண்டு வந்தவாசி வரை போன ஒரு கிழவி.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்தாள். கீழ்வீட்டில், தன் கட்டிலில், அதிகாலையில். மாடியில் அப்போது வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்தான் முதலில் இறங்கி ஓடிவந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் மாடி அடுப்பிலிருந்துதான் காபி வந்தது. எங்கள் அடுப்பு பற்றவைக்கவில்லை. இரண்டு நாள் அவள் பிள்ளைகளின் படிப்பு, தூக்கம் எல்லாம் எங்கள் அழுகைச் சத்தத்தோடுதான். எங்க வீட்ல இப்படிச் சாவு விழுந்துடுச்சே என்று அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. அதுவும் அவர்கள் வீடுதானே, வாடகை கொடுத்தவர்கள்.

அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அந்த ராத்திரி, நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டது ஒன்றுதான். அந்த லேத் பட்டறைக்காரருடைய விலாசத்தைக்கூட நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

புரோக்கரிடம் வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் மூன்று மாதம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது என் செலவு. தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயரும் வேலையும் கேட்பேன்; ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டேன். இரும்புப் படி செங்குத்தாக இருக்கிறது, அந்த அம்மாவால் ஏற முடியுமா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கேள்வி. ஒரு கைப்பிடிக் குழாய் வைத்துத் தருவதற்கு வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன்.